சாமி மொட்டை

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சையில் முடி உதிர்ந்தபோது, திருத்தணி முருகனுக்கு மொட்டை போட்டதாகத் தெருவில் சொல்லிவிட்டேன். ஒட்டுகிற நோய் என்று நினைத்து, அவளோடு பிள்ளைகளை விளையாட விடமாட்டார்களோ என்று பயம்.

எதிர்வீட்டுச் செல்வியின் மகனுக்கும் அதே நோய்தான். அவள் எதையும் மறைக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் தெருப் பெண்கள் அவள் தறியில் மாறி மாறி உட்கார்ந்து நெய்தார்கள். என் தறி சும்மா கிடந்தது. அவள் வீட்டுத் தறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. சாமி கும்பிடும்போதுகூட, ‘செல்விக்கு மட்டும் ஏன் இத்தனை உதவி?’ என்றுதான் கேட்டேன்.

ஒரு பிரதோஷத்தன்று கோயிலில் எல்லோரும் அந்தப் பையனைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மகள் நேராக அவனிடம் போனாள்.

“எனக்கும் உன் நோவுதான்டா. எங்கம்மாதான் சாமி மொட்டைன்னு சொல்லிக்கினு இருக்குது.”

தலை குனிந்து நின்றேன். செல்வி என் கையைப் பிடித்தாள்.

“ஏம்மா, முருகன் மேலயா பழியப் போட்ட? இது ஒட்டுற நோவு இல்லன்னு டாக்டர் உனக்கும்தான சொல்லியிருப்பாரு. செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்கு ஒண்ணா போலாம், வா.”

செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது என் வீட்டுச் சாவியை வாங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள்.

மாலையில் திரும்பி வந்தபோது, என் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் நான் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாசலிலேயே நின்று, முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.