ஆட்டிடம் சொன்னது

என்னைப் பெற்ற ஆத்தா என் கணவருடன் ஒரு வார்த்தைகூட நேருக்கு நேர் பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை முன்னால் மாமியார் வரக்கூடாது, பேசக்கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஊருக்குப் போனால் அவர் வாசலில் வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஆத்தா பின்கட்டு அடுப்படியில் இருப்பாள். நடுவில் நான்.

"மாப்பிள்ளைக்கு இன்னங் கொஞ்சம் மீனு வேணுமான்னு கேளு."

நடப்பேன். "போதும்னு சொல்லு" என்பார். திரும்ப நடப்பேன்.

"பஸ்ஸுல எடம் கெடச்சுதான்னு கேளு."

கடவுளே! பஸ்ஸில் இடம் கிடைத்து, இறங்கி, சாப்பிட்டும் முடித்தாயிற்று. இப்போது அதற்கு ஒரு நடை. ஆறு வருஷம் இப்படி நடந்தேன். இதையெல்லாம் முன்பே யாராவது சொல்லியிருந்தால், கல்யாணத்துக்கு நகைக்குப் பதிலாக நல்ல செருப்பு ஒரு ஜோடி கேட்டு வாங்கியிருப்பேன். ஒருவர் சொல்வதை அப்படியே சுமந்துகொண்டு போய் நீட்டி முழக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? சுருக்கிச் சொல்லிவிடுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஓர் ஆனி மாதம் அப்பா இறந்துபோனார். நான் ஒரே பிள்ளை. மீமிசலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆத்தா தனியாகிவிட்டாள், நாங்களோ இலுப்பூரில். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும். அவளை எங்களோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. என் கணவருக்கும் முழுச் சம்மதம். ஆனால், மகள் வீட்டில் போய் இருப்பதென்றால் மாப்பிள்ளை கூப்பிட வேண்டும். தானாகக் கிளம்பி வந்தால் ஊர் சிரிக்கும் என்பது ஆத்தாவின் பயம்.

அவர் கூப்பிடாமல் இல்லை. ஆவணியில் போனபோது கூப்பிட்டார், தீபாவளிக்குப் போனபோதும் கூப்பிட்டார். நான்தான் இரண்டு தடவையும் போய்ச் சொன்னேன். "பாக்கலாம்னு சொல்லு" என்றாள் ஆத்தா, அரிசி களைந்துகொண்டே.

"அவுகளுக்கு இஷ்டமில்ல போல. வற்புறுத்தாதே" என்றார் அவர்.

கார்த்திகை மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் ஆத்தா. எழுந்திருக்க முடியவில்லை. அரை நாள் சேற்றிலேயே கிடந்திருக்கிறாள். தண்ணீருக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி பார்த்துத் தூக்கியிருக்கிறாள். சேதி கேட்டு ஓடினோம். மூன்றாவது தடவையும் அவர் சொல்ல, நான் போய்ச் சொல்ல, அதே "பாக்கலாம்". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதுமா இந்த வீம்பு?

தை பிறந்து மறுபடி போனோம். திரும்பும் நாளில் ஆத்தா ஆரம்பித்தாள்: "பஸ்ஸு எத்தன மணிக்குன்னு மாப்பிள்ளையக் கேளு."

"நாலு மணிக்குன்னு ஒனக்கும் தெரியும், அவுகளுக்கும் தெரியும்! இனிமே நீயாச்சு, அவுகளாச்சு. நான் தண்ணிக்குப் போறேன்" என்று வாசல்வரை கேட்கும்படி கத்திவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வேண்டுமென்றே அரை மணி நேரம் கிணற்றடியில் நின்றேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக்குப் பக்கவாட்டில் பேச்சுக் குரல். வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அங்கே முருங்கை மரத்தில் ஆத்தாவின் வெள்ளாடு கட்டியிருந்தது. அவர் அதன் முன்னால் நின்றிருந்தார். ஆத்தா ஓலைத் தட்டிக்குப் பின்னால் இருந்தாள்.

"ஏ ஆடே, ஒன் வீட்டுக்காரவுகளுக்கு எங்க வீட்டுக்கு வர ஏன் மனசு வரல? என்ன கொறைன்னு சொன்னாத்தானே தெரியும்?"

"கொறையெல்லாம் ஒண்ணுமில்ல ஆடே" என்றது தட்டி. "மாப்பிள்ளை வாயால ‘வாங்க’ன்னு ஒரு சொல்லு வேணாமா? ‘வர்றதுன்னா வரலாமாம்’னு சொல்லி விட்டா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"நான் எங்க அப்புடிச் சொன்னேன்? நம்ம வீடு இருக்கையில அவுக ஏன் தனியாக் கெடக்கணும், கெளம்பி வாங்கன்னுல்ல மூணு தடவையும் சொல்லி விட்டேன்!"

ஆடு தழையை மென்றுகொண்டிருந்தது. அடுப்புப் புகையும் கால்வலியுமாக, "வர்றதுன்னா வரலாமாம் ஆத்தா" என்று மூன்று தடவையும் நான் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. இத்தனை மாதமாக அவர்கள் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அந்த ஆட்டின் மேல்கூட எரிச்சலாக வந்தது.

"அப்பச் சரி. நீயும் கெளம்பு ஆடே" என்றாள் ஆத்தா.

மறு வாரமே வந்தாள், ஆட்டையும் பஸ்மேல் ஏற்றிக்கொண்டு. எங்கள் வீட்டில் பதினோரு வருஷம் இருந்தாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் அந்த ஆடு, அதற்குப் பிறகு அதன் குட்டி. என்னை ஒரு தடவைகூட அவர்கள் எதையும் கேட்டு வரச் சொல்லவில்லை.

அந்த மூன்று தடவையைப் பற்றி ஆத்தா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. மழைக்காலம் வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். நான் ஓடிப்போய்க் கை கொடுப்பேன். அவள் சேற்றில் விழுந்து கிடந்த அன்றைக்கு முன்பாகவே அவர் இரண்டு தடவை ‘வாங்க’ என்று சொல்லியிருந்தார்.