சோத்து மேடம் பார்த்த தட்டுகள்

ஊர் என்ன சாப்பிட்டது என்று தெரிந்துகொள்வதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. நாமக்கல்லில், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சர்க்கரை கிளினிக்கில் நான் டயட்டீஷியன். நோயாளிகள் போனில் ஒரு ஆப் இருக்கும். சாப்பிடும் முன் தட்டைப் படம் எடுத்தோ, வாயால் சொல்லியோ அதில் போட்டால், என் கம்ப்யூட்டர் திரையில் வந்து விழும். எவ்வளவு மாவு, எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு என்று அது கணக்குப் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டம் காட்டும். டயட்டீஷியன் என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு நான் சோத்து மேடம். இதைப் படிக்கிற நீங்களும் என்றைக்காவது தின்ற முறுக்கில் பாதியை மறைத்துத்தான் கணக்குச் சொல்லியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், உங்களுக்கு இந்த ஜில்லாவில் நிறையத் துணை இருக்கிறது.

படத்துக்கு வெளியே

என் வேலையில் எனக்குப் பிடித்த நேரம் மத்தியானம். டாக்டர் சாப்பிடப் போயிருப்பார். பட்டறைகளில் தகரம் தட்டும் சத்தம் அடங்கிவிடும். மின்விசிறி மட்டும் சுற்றும். அப்போது ஒவ்வொன்றாகத் தட்டுகள் வரத் தொடங்கும். சோறும் ரசமும், கம்பங்கூழும் மிளகாயும், யாரோ ஒருவரின் அவித்த முட்டை. ஊரில் உள்ள சுவர்களையெல்லாம் யாரோ மெதுவாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டது போலவும், எல்லோரும் ஒரே பெரிய வெளியில் பந்தி பரப்பி உட்கார்ந்திருப்பது போலவும் இருக்கும். நான் ஆளில்லாத அறையில் அந்தப் பந்தியைச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன்.

அந்தப் பந்தியில் தவறாமல் உட்காருகிறவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். முதல் வாரம் அவர் தட்டு படத்தின் நடுவில் இருந்தது. அடுத்த வாரம் கொஞ்சம் ஓரம் போனது. அப்புறம் தேய்பிறை நிலா மாதிரி குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் ஒரு துண்டு விளிம்பும் நாலு பீன்ஸும் மட்டும் தெரிந்தன. வட்டம் நல்ல பச்சை. எடையோ ஏறிக்கொண்டிருந்தது. அவர் நேரில் வந்தபோது, "மீதித் தட்டு எங்கேங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் கூடத் தயங்காமல் சொன்னார்: "படத்துக்குள்ள வந்தது எனக்குங்க மேடம். வெளிய இருக்கறது ஊட்டுக்கு ஒறம்பரை சனம் வந்தா ஆகுமுன்னு வெச்சதுங்க."

கனவில் தின்றது

ராசிபுரத்தில் பட்டுத்தறி போட்டிருக்கிற வீட்டம்மா பாக்கியம். இனிப்பை அடியோடு விட்டவர், சொன்ன பேச்சைத் தட்டாதவர். ஒரு நாள் காலையில் அவர் பேசி அனுப்பிய பதிவு வந்தது: "வெடியால நாலு மணிவாக்குல, ரெண்டு நெய் மைசூர்பாகு. கனவுல." கம்ப்யூட்டருக்குக் கடைசி வார்த்தை புரியவில்லை. மைசூர்பாகு புரிந்தது. வட்டம் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

அடுத்த முறை வந்தபோது, அதை அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு அந்தக் கனவைச் சொன்னார். யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியவில்லையாம். பந்தல் முழுக்க வெளிச்சம். இலை ஒரு ஓடை மாதிரி நீண்டுகொண்டே போகிறது. பரிமாறுகிறவர் முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிகிறது. பக்கத்தில் மகன், மருமகள், டாக்டர், நான் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லும்போது அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. வெளியே டோக்கனுக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கையை மவுஸ்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் எழுந்துகொண்டு சொன்னார்: "அதை எதுக்குங்க அழிச்சுக்கிட்டு? சிவப்பாவே இருந்துட்டுப் போவட்டும், உடுங்க."

ஒரே சாப்பாடு

கோகிலாவுக்கு எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. முதல் கர்ப்பம், ஆறாம் மாதம். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறி, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்ளும்படி ஆகிவிட்டது. புருசன் தங்கராசு வடக்கே சரக்கு ஏற்றிப்போகும் லாரி டிரைவர். அவருக்கும் சர்க்கரை எல்லையில் நின்றதால், டாக்டர் இருவர் போனிலும் ஆப்பைப் போட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் ஒரு விசயம் கண்ணில் பட்டது. நாக்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த தங்கராசு மத்தியானம் ரொட்டியும் பருப்பும் என்று போட்டிருந்தார். அதே மத்தியானம் எருமப்பட்டியில் கோகிலாவும் ரொட்டியும் பருப்பும். அவர் காலையில் அவல் உப்புமா என்றால் இவளும் அவல் உப்புமா. நேரம்கூட ஒன்றுதான். யாரோ ஒருவர் இருவருக்கும் சேர்த்து ஏதோ ஒன்றைத் தட்டிவிடுகிறார் என்று முடிவுகட்டி, கோகிலாவைப் போனில் கூப்பிட்டுக் கொஞ்சம் கறாராகவே கேட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே அவர் எந்த ஊர் ஓட்டலில் நிற்பார், அங்கே என்ன கிடைக்கும் என்று கூப்பிட்டுச் சொல்லிவிடுவாராம். இவள் அதையே சமைத்து, தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவாளாம். அவர் அங்கே கயிற்றுக் கட்டிலில், இவள் இங்கே சமையலறைத் தரையில். "காப்பி அடிக்கலீங்க மேடம்," என்றாள். "அவரு கூட உக்காந்து சோறு உங்கறனுங்க."

தட்டு போகும் வழி

அதற்கப்புறம் எனக்கு அந்தத் தட்டைப் பார்க்காமல் மத்தியானம் போகவில்லை. கோகிலா கல்யாணமாகி வந்தபின் தோட்டத்தையும் எங்கள் கிளினிக்கையும் தவிர வேறெங்கும் போனதில்லை. ஆனால் அவள் தட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பூரியும் உருளைக்கிழங்கும் வந்தால் வடக்கே வெகுதூரம். சோள ரொட்டி வந்தால் திரும்பி இறங்குகிறது. கோங்குரா வந்துவிட்டால் தெலுங்குப் பக்கம். அளவை மட்டும் நான் சொன்னதைத் தாண்டமாட்டாள். பூரி என்றால் ஒன்றுதான். சாயங்காலம் ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு, அந்தச் சின்ன எவர்சில்வர் தட்டு பெரிய நெடுஞ்சாலையில் தனியாக மிதந்து வருவதைக் கண்ணை மூடிப் பார்த்திருக்கிறேன். பல நாள் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

எங்கள் கிளினிக்கில் டோக்கன் போடும் சரோஜாக்காவுக்கும் இது தொற்றிக்கொண்டது. கணக்கு வழக்கை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒரு நாள் திரையில் ராகிக் களி உருண்டையும் கீரை மசியலும் வந்தன. அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் புள்ள தட்டு ஓசூரு வந்துருச்சு பாரு, புருசங்காரன் பொழுதோட ஊட்டுக்கு வந்துருவானாட்ட இருக்குது."

வராத தட்டு

ஒரு மத்தியானம் எல்லாத் தட்டுகளும் வந்தன, கோகிலாவுடையது வரவில்லை. காலையில் அவள் போட்டது இருந்தது. மத்தியான ஊசி போட்டுக்கொண்டதற்கு அவள் தட்டிவிட்ட குறியும் இருந்தது. அதற்குக் கீழே சாப்பாட்டுக் கட்டம் காலி. தங்கராசு கட்டமும் காலி. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுத்தாள். குரல் எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

"சாப்பிட்டியா கோகிலா?"

"அவரு இன்னும் கை கழுவலீங்க... போனு போக மாட்டீங்குது... ஊடு மேல போறாப்பல நல்லா இருக்குதுங்க மேடம்..."

"கோகிலா, சர்க்கரை டப்பா எங்கே இருக்கு?" என்று கத்தினேன். "மேல... அலமாரில... அவரு வரட்டுங்க." டப்பா வேண்டாம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்றேன். தட்டு இருக்கிறது என்றாள், அதைச் சாப்பிடு என்றதற்கு மறுபடியும் அவரு வரட்டுங்க என்றாள். வீட்டில் வேறு யார் என்றேன். மாமியார் தோட்டத்தில் தீவனம் அறுக்கிறார் என்றாள். ஸ்பீக்கரில் போடு என்று சொல்லி, இந்தப் பக்கம் நானும் சரோஜாக்காவும் சேர்ந்து, "அம்மா! அம்மா!" என்று அந்தப் போன் வழியாக ஒரு தோட்டத்தையே கூப்பிட்டோம். கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரோ ஓடிவரும் காலடி கேட்டது. "ஏஞ்சாமி, என்னாச்சு சாமி" என்று ஒரு குரல். அவள் வாயில் சர்க்கரையைப் போடுங்கள், விழுங்கினதும் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள் என்றேன். டப்பா கீழே விழுந்த சத்தம், தம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

தெளிந்துவிட்டாள். உடனே சோறு சாப்பிட வைத்து, பக்கத்துத் தோட்டத்துக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். தங்கராசு சரக்கு இறக்க ஒரு ஆலை வாசலில் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார், போனில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலம் கோகிலாவிடம், "பசித்தால் சாப்பிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். சொன்னாள்: "அவரு பட்டினியா நிக்கையில என்ற கை எப்படிங்க மேடம் தட்டுக்குப் போவும்?"

வண்டி நிற்கும் நேரம்

திரும்பி வந்ததும் தங்கராசு நேராகக் கிளினிக்குக்கு வந்தார். குளிக்கக்கூட இல்லை, சட்டையில் டீசல் வாசனை. சேர்ந்து சாப்பிடுவது இதோடு போதும், நீங்கள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று சொல்ல நான் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் உட்காராமல், "அவளுக்கு எந்தெந்த நேரத்துக்குச் சோறு வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஒவ்வொன்றையும் போனில் அலாரமாக வைத்துக்கொண்டார். தப்பில்லாமல் இருக்கிறதா என்று என்னிடமே நீட்டிக் காட்டினார். நான் தயார் செய்த வார்த்தைகளில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரத்திலிருந்து தட்டுகளின் போக்கு மாறிவிட்டது. கோகிலா தனக்கு ஆகிற நேரத்தில் தனக்கு ஆகிறதைச் சாப்பிட்டாள். அதே நேரத்தில், ஓட்டல் இருக்கிறதோ இல்லையோ, ஏதோ ஒரு சாலையோரத்தில் லாரி நின்றது. வேப்ப மரத்தடி, பெட்ரோல் பங்க், ஒரு தடவை ஆற்றுப்பாலத்தின் அந்தக் கரை. வேகவைத்த கடலை, தூக்குப்போசியில் கொண்டுபோன ராகிக் கூழ், கிடைத்த பழம். படத்தின் பின்னால் கோதுமை வயலோ பருத்திக் காடோ மங்கலாகத் தெரியும். சிக்னல் இல்லாத நாளில் கோகிலா முகம் வராது. ஆனாலும் அந்த நேரம் தப்பவில்லை. இப்படி நிறுத்தி நிறுத்திப் போனால் சரக்குச் சேர நேரமாகாதா என்று கேட்டேன். "முந்தியெல்லாம் எனக்குப் பசிச்சா வண்டி நிக்குமுங்க," என்றார். "இப்ப அவளுக்குப் பசிச்சா நிக்குதுங்க."

இரண்டு கட்டமும் காலி

சில மாதம் கழித்து ஒரு நாள் இரண்டு பேரின் கட்டமும் காலையிலிருந்து காலி. நான் போனை எடுத்துவிட்டு, கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்தேன். சரோஜாக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், நான் குடிக்கவில்லை. மத்தியானப் பந்தி வந்து, கலைந்து போனது. பட்டறைகளில் மறுபடி தகரம் தட்டத் தொடங்கினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் தங்கராசுவே கூப்பிட்டார். பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல். பெண் குழந்தை, நல்ல எடை, தாயும் சுகம். அவருக்குச் சந்தோசத்தில் மூச்சு வாங்கியது. வாழ்த்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன். சட்டென்று அவர் குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பொறுப்பாக ஒரு சந்தேகம் கேட்டார்: "பாப்பா இப்பத்தானுங்க மொத மொதலா பால் குடிச்சா, அதை ஆப்புல யாரு பேர்லீங்க மேடம் போடறது?"

*

அந்த ஆப்பில் என் பெயரிலும் ஒரு கணக்கு உண்டு, அதன் மத்தியானக் கட்டத்தைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பிஸ்கட்டும், ஊர்த் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஆறிப்போன ஒரு டீயும் அழகான பச்சை வட்டத்துக்குள் காட்சி தரும்.