எங்க ஊர் வீடியோ

கந்தர்வக்கோட்டை பக்கத்தில் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. சென்ற ஆண்டு நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஊரைப் பற்றி ஒரு வீடியோ எடுத்தேன். என் போனை வாங்கிக்கொண்டு அவர்களே கண்மாய்க்கும் முந்திரிக்காட்டுக்கும் ஓடினார்கள், படம் பிடித்தார்கள், பேசினார்கள்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். திருப்பூரிலிருந்து அம்மாவோடு தூரத்து உறவில் ஒரு மாமா வீட்டுக்கு வந்தவள். மூன்று மாதமாக அவளாக வாயே திறக்கவில்லை. கேட்டால், "இது எங்க ஊரு இல்ல டீச்சர்" என்பாள். அவளைப் பஸ் நிறுத்தத்தைப் பற்றிப் பேசச் சொன்னேன். ஊர்ப் பெயர்ப் பலகைக்குக் கீழே போன் முன்னால் நின்றவள், "இதுதான் எங்க ஊரு பஸ் ஸ்டாப்பு. இங்கேருந்து நாலாவது வீடு எங்க மாமா வீடு" என்றாள். இரண்டாவது வரி அவளாகச் சேர்த்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் பிரேயர் முடிவதற்குள் அவள் அம்மா வந்துவிட்டார். காலில் செருப்பில்லை.

"எம்புள்ள மொகத்தப் போட்டுட்டீங்களே டீச்சர். நாங்க எங்கிட்டு இருக்கோம்னு அந்த மனுசனுக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் ஓடி வந்தோம்."

முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். நீளமாக ஒரு தழும்பு.

பள்ளியில் சேர்க்கும்போது அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு, "வேலைக்குப் போயிருக்காரு" என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வீடியோ போடுமுன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

உடனே அழித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தேன். "அழகா இருந்துச்சேன்னு திருப்பூர்ல எந்தங்கச்சிக்கு அனுப்புனேன். தப்பா டீச்சர்?" என்றார் ஒருவர். அன்றிலிருந்து ரோட்டில் எந்த வண்டி நின்றாலும் கரும்பலகையை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனேன்.

நாலாம் நாள் மதியம், பிள்ளைகள் வராந்தாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றார். கையில் இருந்த போனில் அந்தப் பெண்ணின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த வீடியோ இங்கதான எடுத்தீங்க?"

"நீங்க யாருங்க?"

"அப்பன். புள்ளய அனுப்புங்க."

அவள் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பிவிடுவாளோ என்று பயந்தேன். பூட்டைக் கொண்டியில் மாட்ட முயன்றேன்; அவசரத்தில் இரண்டு முறை நழுவி விழுந்தது. மூன்றாம் முறை பூட்டிவிட்டேன். அவர் கேட்டைப் பிடித்து உலுக்கிக் கத்த ஆரம்பித்தார். அதற்குள் சமையல்கார அக்கா அவளைத் தட்டோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். தலைமையாசிரியை போலீசுக்குப் போன் செய்தார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். போலீஸ் வரும்வரை அவரை அசையவிடவில்லை. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று ஸ்டேஷனில் எழுதி வாங்கினார்கள். ஒரு காகிதம் என்ன செய்யும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் அந்த அம்மாவிடம் போனேன். "வேற ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேத்துரலாங்க. நானே கூட வாரேன்" என்றேன்.

"இன்னும் எங்கிட்டு போறது டீச்சர்? அவன்தான் பாத்துட்டானே. ஊரும் அவனப் பாத்துருச்சு. இங்கதான் இருப்போம். கேசு போடப் போறேன்."

என்னை மன்னித்துவிடச் சொன்னேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "இனிமே கேட்டுட்டுப் போடுங்க" என்றார், அவ்வளவுதான்.

இந்த ஆண்டும் ஊரைப் பற்றிப் படம் செய்தோம். யார் முகமும் கிடையாது. பிள்ளைகள் வரைந்த ஓவியங்களும் அவர்கள் குரலும் மட்டும். வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டேன். அந்த அம்மா, "கொரலு மட்டுந்தான?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு தலையசைத்தார்.

யாருக்கும் அனுப்பவில்லை. பெற்றோரைப் பள்ளிக்கே வரச்சொல்லி, வகுப்பறைச் சுவரில் போட்டுக் காட்டினோம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பார்க்கவில்லை. படம் முடியும்வரை கதவருகே நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.