அணைக்காத இன்ஜின்

என் அக்கா கணவருக்கு மலைப்பாதை டிரைவர்கள் வைத்த பெயர் ‘அரை லோடு’. ஒரு டன் ஏற்றலாம் என்று சொல்லி விற்ற பிக்கப் வண்டியில் அறுநூறு கிலோவுக்கு மேல் ஒரு மூட்டைகூட ஏற்ற விடமாட்டார். ஏன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்துவிடுவார்.

“கீழ நிக்கிறப்ப இந்த வண்டிக்கு எழுபது குதிரை. ஆயிரம் மீட்டர் ஏறினா ஏழு குதிரை அவுத்துக்கிட்டு ஓடிரும். இன்னொரு ஆயிரத்துக்கு இன்னொரு ஏழு. மேல போய்ச் சேர்றப்ப அம்பதுகூட மிஞ்சாது. அம்பது குதிரைக்கு எழுபது குதிரையோட பாரத்த ஏத்துறது நியாயமா?”

கணக்கில் பிழை கிடையாது. அடிவாரத்தில் இருபத்தாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். டீசல் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் எரிவது குறையும், இழுவையும் குறையும். இந்தச் சின்ன விஷயம் மற்ற டிரைவர்களின் மண்டையில் ஏறாது. “மேல இழுக்க மாட்டேங்குது, பம்ப்பு ஸ்க்ரூவை ஒரு கால் சுத்து திருகிவிடு” என்று வந்து நிற்பார்கள். திருகினால் டீசல்தான் கூடும், காற்று எங்கிருந்து கூடும்? எரியாத டீசல் கரும்புகையாக வெளியே போகும். பின்னால் வருகிறவன் இருமிக்கொண்டே சபிப்பான். சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டைத்தண்ணீர் வற்றியது.

அத்தான் ஒருநாளும் அந்த ஸ்க்ரூவைத் தொடவிட்டதில்லை.

“மூச்சு முட்டுறவன் வாயில சோத்த அள்ளித் திணிச்சா பலம் வந்துருமா மாப்ள?” என்பார். நானும் சிரிப்பேன். சிரித்ததை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு நடை. நாற்பத்தாறு வளைவு ஏறி, மூவாயிரத்து நூறு மீட்டர் உயரத்திலிருக்கும் ஊருக்குக் காய்கறியும் சிமெண்டும் கொண்டுபோவார். இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து போய்ச் சேர ஐந்து மணி நேரம். இறக்கிக் கொடுக்க அங்கே ஆள் இருக்கிறார்கள். வண்டி காலியானதும் கடைத்தெருவைத் தாண்டி ஒரு சரிவின் கீழே போய் நிறுத்துவார். அங்கிருந்து நாற்பத்தொரு கல்படி ஏறினால் அவருடைய ஒரே மகளின் வீடு.

அவர் ஏறமாட்டார். இன்ஜினையும் அணைக்கமாட்டார். இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். மகள் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு படியிறங்கி வருவாள். அவர் சீட்டில் இருந்தபடியே குடிப்பார். பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி. “மேலே வாங்கப்பா” என்பாள். “அணைச்சா இந்தக் குளிர்ல திரும்ப உயிர் வராதும்மா. அடுத்த தடவை பாக்கலாம்” என்பார். ஐந்து வருடமாக இதே பேச்சு.

அவள் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த ஊருக்குப் போனவள். அத்தான் அப்போது தடுக்கவில்லை, திட்டவில்லை, கல்யாணத்தில் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். ஆனால் வீட்டு வாசற்படியை மிதிக்காத அப்பாவைப் பற்றி ஒரு பெண் என்ன நினைப்பாள்? அவள் அதைத்தான் நினைத்தாள். குழந்தை பிறந்து நாற்பது நாளானபோது எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, அப்பாகிட்ட சொல்லிருங்க. பேத்திய பாக்கணும்னா மேல வரட்டும். அவளையும் தூக்கிக்கிட்டு படியிறங்கி வந்து, ஓடுற வண்டியோட ஜன்னல்ல காட்டிட்டுப் போறதுக்கு என்னால ஆகாது. பொண்ணு மேல கோபம் இருந்தா இருக்கட்டும். பேத்தி என்ன பண்ணிச்சு?”

அவள் குரல் உடைந்திருந்தது. நான் அத்தானிடம் சொன்னேன். அவர் டயர்மேல் உட்கார்ந்து போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் குந்தியபடியே நாலு சக்கரத்தையும் முடித்துவிட்டு விசிலடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்.

“கோபமா? எனக்கா?” என்றார். ஸ்பானரைக் கீழே வைத்தார். “வண்டிதான் மாப்ள பிரச்சனை.”

வண்டிதானே? வண்டியின் ஜாதகமே என் கையில் அல்லவா! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விபத்தில் முன்பக்கம் நசுங்கிய இதே மாதிரி வண்டி ஒன்று பட்டறையில் கிடந்தது. அதிலிருந்தது டர்போ வைத்த இன்ஜின். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு விசிறி சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும், அதனால் மலையேறினாலும் குதிரைகள் அவ்வளவாக ஓடிப்போகாது. பதினொரு நாள் ராப்பகல் பார்க்காமல் அதைக் கழற்றி அத்தான் வண்டியில் மாட்டினேன். குளிரில் கிளப்ப உதவும் ஹீட்டர் பிளக் நாலும் புதுசு, பேட்டரியும் புதுசு. இடுப்பு விட்டுப்போனது. அக்காவிடம், “இனிமே உன் வீட்டுக்காரர் என்ன சாக்கு சொல்றாருன்னு பாக்கறேன்” என்று மார்தட்டிக்கொண்டேன்.

அக்கா சிரித்தாள். பிறகு சம்பந்தமில்லாமல், “முதுகு வலின்னு ஆறு மாசமா மூணு தலகாணி வச்சு உக்காந்தே தூங்குறாரு தம்பி. சீட்டை கொஞ்சம் சரி பண்ணிக் குடு” என்றாள்.

சீட்டைச் சரி செய்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

நானும் கூடவே கிளம்பினேன். முழு லோடு. வண்டி மூன்றாவது கியரில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. வழக்கமாக நின்று மூச்சு வாங்கும் வளைவுகளில் நிற்கவே இல்லை. மூன்றேகால் மணி நேரத்தில் மேலே போய்விட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தான் மட்டும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி நிற்காமல் ஏறியதில் நின்று இளைப்பாறும் வாய்ப்பு அவருக்கும் போய்விட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

லோடை இறக்கிவிட்டு, படிக்குக் கீழே நிறுத்தினோம். அவர் கை பழக்கத்தில் ஹாரனுக்குப் போனது. நான் அதைத் தள்ளிவிட்டு, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். சட்டென்று எல்லாம் அடங்கியது.

“அணைச்சிட்டியா?” என்றார்.

“அணைச்சிட்டேன். இப்ப பாருங்க.” மறுபடி சாவியைத் திருப்பினேன். ஒரே தட்டில் பிடித்தது. திரும்ப அணைத்தேன். “போதுமா? இறங்குங்க அத்தான். பேத்தி காத்துக்கிட்டிருக்கா.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. கோபம் இல்லை. தப்பிக்க இருந்த ஒரே கதவையும் நான் பூட்டிவிட்டதுபோல ஒரு பார்வை. இறங்கினார்.

படி ஏற ஆரம்பித்தார். அஞ்சாவது படியில் ஷூ கயிற்றைச் சரிசெய்தார். ஒன்பதாவதில் நின்று கடைத்தெருவை வேடிக்கை பார்த்தார். பதினான்காவதில் படியோரத்து வீடு ஒன்றின் சுவர்க்கல்லைத் தடவிப் பார்த்து, “நல்ல கல்லு” என்றார். “வாங்க அத்தான், வீடா வாங்கப்போறீங்க?” என்று நான் கிண்டல் செய்தேன். மேலே கதவு திறந்தது. மகள் குழந்தையோடு வந்து நின்றாள். பத்தொன்பதாவது படியில் அவர் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

“பாத்தீங்களா மாமா!” மேலிருந்து அவள் கத்தினாள். “பாதி தூரம் வந்துட்டு திரும்பி உக்காந்துட்டாரு! அவ்வளவு கசப்பா நான்? கூட்டிட்டுப் போங்க. இனிமே வரவேண்டாம்னு சொல்லுங்க!”

நானும் சூடாகத்தான் குனிந்தேன். அப்போதுதான் கேட்டது. இன்ஜின் சத்தம் இல்லாத அந்த இடத்தில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போகிற காற்று சீழ்க்கையடித்துக்கொண்டு போனது, வெளியே வரவே மறுத்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். ஊரிலிருக்கிற இன்ஜினுக்கெல்லாம் காதை வைத்துக் கேட்கிறவன், ஐந்து வருடத்தில் இதை ஒருதடவைகூடக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பேன்? அவர்தான் இன்ஜினை அணைக்கவே விடமாட்டாரே.

“ஏய், இறங்கி வா!” என்று நான் கத்தினேன். என் குரலில் இருந்ததைக் கேட்டு அவள் ஓடி வந்தாள்.

அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. “எவ்வளவு நாளா இப்படிப்பா?” என்றாள். அவர் இரண்டு விரலைக் காட்டினார். யோசித்து, கை முழுவதையும் விரித்துக் காட்டினார். ஐந்து.

“ஏன்பா சொல்லல?”

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு இழுத்தார். “நெஞ்சுன்னு சொன்னா... சாவிய வாங்கிருவாங்க. சாவி இல்லன்னா... உன்னை எப்படிம்மா... வந்து பாக்கறது?”

படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. குழந்தையை அவர் மடியில் வைத்து, அதன்கீழ் தன் கையையும் கொடுத்துக்கொண்டாள். அவர் குழந்தையைப் பார்த்தார், தன் மூச்சு அதன்மேல் படாமல் முகத்தைத் திருப்பித் திருப்பி இருமினார். அவள் புருஷன் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தான். நானும் அவனும் தோள்கொடுத்து அத்தானை வண்டிக்கு இறக்கினோம். மகள் உடுத்தின துணியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டாள்.

நான்தான் ஓட்டினேன். இறங்க இறங்க அவர் உதட்டில் நிறம் திரும்பியது. இருபதாவது வளைவில், “கீழ்நோக்கி வர்றப்ப கியர்ல புடி மாப்ள, பிரேக்க தேய்க்காத” என்று என்னை அதட்டினார். அவள் அப்போதுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். வண்டி ஓட்ட வருவதற்கு முன் பதினாலு வருடம் கல் உடைக்கும் மிஷினில் வேலை பார்த்தவர். அந்தத் தூசி நுரையீரலில் பாதியைத் தின்றிருக்கிறது. இனி மலையேறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் அத்தான் சாவியைத் தானே எடுத்து என் கையில் கொடுத்தார். அலுத்துப்போன கை. கனமே இல்லை.

இப்போது அந்த நடைகளை நான் ஓட்டுகிறேன். பட்டறையை வாரத்தில் இரண்டு நாள் சாத்திவிடுகிறேன். இடுப்பு கழன்றுபோகிறது, நாற்பத்தாறு வளைவும் கனவில் வருகின்றன. பதினொரு நாள் உழைத்து மூச்சு கொடுத்தேன், வண்டிக்கு. அந்தக் கசப்பு போகவில்லை.

சனிக்கிழமைகளில் திரும்பும்போது மகளும் பேத்தியும் என்னோடு மலையிறங்கி வருகிறார்கள். அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவள் எட்டிக் கையை நீட்டி இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்.

“எழுந்திருக்காதீங்கப்பா, நான்தான் வரேன்ல!” என்று கத்திக்கொண்டே பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். நான் இன்ஜினை அணைத்துவிட்டு, அவர் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.