பூட்டிய கதவுக்கு ஒரு தலைப்பாகை

எங்கள் மூத்த குடிமக்கள் சங்கம் மாதாமாதம் நான்கு பக்கத்தில் ஓர் இதழ் போடுகிறது. கன்னடம் பாதி, ஆங்கிலம் பாதி. கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவார்கள். காலமானவர்கள் படம் அங்கேதான் இருக்கும். தெரிந்த முகம் இல்லை என்று உறுதியான பிறகு பிறந்தநாள் வாழ்த்து. அதற்கும் அப்புறம் பொழுது மிச்சமிருந்தால் இரண்டாம் பக்கம். அந்த இரண்டாம் பக்கத்தை எழுதுகிறவள் நான். சங்கம் யாரிடம் என்ன கேட்டது, எது கிடைத்தது, எது இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். பஸ்ஸுக்குத் தாழ்வான படி, ஸ்டேஷனில் லிஃப்ட், தெருநாய்த் தொல்லை, மருத்துவக் காப்பீடு. தொலைபேசி இலாகாவில் ஊரார் புகாரைக் கேட்டுக் கேட்டே ஓய்வு பெற்றவள் என்பதால் இதை என் தலையில் கட்டினார்கள். நானும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் கூடுவது மைசூரில் எங்கள் லேஅவுட் பூங்காவின் மூலையில் இருக்கும் ஒரு கூடத்தில். அங்கே மின்விசிறி உண்டு, கேரம் போர்டு உண்டு, மறைந்த தலைவர்களின் படங்கள் வரிசையாக உண்டு. கழிப்பறை கிடையாது. ஆண்கள் பம்ப் ஹவுஸ் சுவருக்குப் பின்னால் போய்விட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு வருவார்கள். பார்க்காத மாதிரி இருக்க நாங்கள் பழகியிருந்தோம். பெண்கள் என்ன செய்வார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி என் சிநேகிதி. கொள்ளேகால் பக்கத்துக்காரி, பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கணவர் போன பிறகு மகன் வேலை பார்க்கும் நஞ்சன்கூட்டுக்குக் குடிபோய்விட்டாள். ஆனாலும் சங்கத்தை விடவில்லை. வாரத்தில் பாதி நாள் பஸ் பிடித்து வருவாள். வந்து பார்வை மங்கியவர்களைச் சுற்றி உட்காரவைத்துப் பேப்பர் படிப்பாள். தலையங்கம் முதல் தங்கம் விலை வரைக்கும், இடையிடையே அமைச்சர்களைத் திட்டிக்கொண்டே படிப்பாள். அவள் திட்டுவதைக் கேட்கவே கண் நன்றாகத் தெரிகிறவர்களும் வந்து உட்கார்வார்கள். வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பிப் போகும்வரை அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். அவ்வளவு நேரம் உரக்கப் படித்துவிட்டு வறண்ட உதட்டை நாக்கால் நனைத்துக்கொள்வாள். சங்கத்தில் காப்பி வந்தால், பித்தம் என்று சொல்லித் தள்ளிவிடுவாள்.

கழிப்பறை வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தில் விடாமல் எழுதினேன். ஒரு வழியாகக் கட்டினார்கள். சாய்தளம், பிடித்துக்கொள்ளக் கம்பி, மேல்நாட்டுப் பீங்கான் என்று குறை சொல்ல முடியாமல் கட்டினார்கள். தண்ணீர் இணைப்பு மட்டும் கொடுக்கவில்லை. கதவில் பூட்டு தொங்கியது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். யாராவது ஒரு நல்லது செய்தால், செய்வதாகச் சொன்னால், செய்யக்கூடும் என்று தோன்றினால்கூட, மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தி, சந்தன மாலை போட்டு, பழத்தட்டைக் கையில் கொடுத்து, தலையில் ஜரிகைத் தலைப்பாகை வைத்துவிடுவோம். மைசூர் பேட்டா என்று அதற்குப் பெயர். மகாராஜா காலத்து மரியாதை. எங்கள் சங்க அலமாரியில் மாத்திரைப் பெட்டி இருக்கிறதோ இல்லையோ, இரண்டு பேட்டா தயாராக இருக்கும்.

வார்டில் செல்வாக்குள்ள ஒரு பெரிய மனிதர் முயற்சியால்தான் கழிப்பறை வந்தது. அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. அன்றைக்கே பேட்டா வைத்துவிடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. முதலில் கதவு திறக்கட்டும், பிறகு தலையில் என்ன வேண்டுமானாலும் வையுங்கள் என்றேன். சிரித்தார்கள். அவருக்கு இன்னொரு நாள் கிடைக்காது என்றார்கள். வைத்தார்கள். கட்டிடத்தின் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய தலைப்பாகைக்குப் பக்கத்தில் பூட்டு பளபளவென்று தெரிகிறது. அந்த மாத இதழில் தலைவரே முதல் பக்கத்தில் எழுதினார், நமது நெடுநாள் கோரிக்கை நிறைவேறியது, இதயம் கனிந்த நன்றி என்று.

அந்தக் கோடையில் என் சிநேகிதிக்குக் காய்ச்சல் கண்டது. குளிர் தூக்கிப் போட்டது. பேச்சு குழறி, மகனை யாரோ என்று நினைத்து வாங்க, உட்காருங்க என்றிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரில் கிருமி, அது சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. நான் போயிருந்தபோது டாக்டர் பெண் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, பகலில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்பது. அவள் என்னைப் பார்த்தாள்.

அங்கிருந்து நேராக வார்டு அலுவலகம் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பேசிக்கொண்டே போனில் எங்கள் இதழை எடுத்துக் காட்டினார். நீங்களே நன்றி சொல்லிப் போட்டிருக்கிறீர்களே, வேலை முடிந்ததாகத்தானே அர்த்தம் என்றார். முடிந்த வேலைக்குத் திரும்பப் புகார் எடுத்தால் மேலே அவரைக் கேள்வி கேட்பார்களாம். நாங்கள் அச்சடித்த நன்றியை எங்கள் மூஞ்சியிலேயே காட்டுகிறான் மனுஷன். அவனைத் திட்டி என்ன பயன்?

தலைவரிடம் போனேன். எங்கள் அப்பாவைப் போலவே ரயில்வே வேலைக்காக இங்கே வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஓய்வு பெற்ற என்ஜினீயர், கூட்டத்தில் நேரம் தவறாதவர். அவர் மனைவி கூட்டம் தவறாமல் முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவு பூட்டியிருக்கிறது, அதை இதழில் போட வேண்டும் என்றேன்.

"மேடம், பேட்டா வெச்சாச்சு. வெச்ச தலைகிட்டயே போயி பூட்டைத் திறன்னு கேட்டா நம்ம மரியாதை என்ன ஆகும்? கூடத்துக்கு மாடி வேற கேட்டிருக்கோம். ஸ்வல்ப பொறுத்துக்கோங்க."

கொஞ்சம் பொறுத்துக்கொள்வதாம். வயதானவர்களுக்காகக் குரல் கொடுக்கிறோம் என்று இதழின் தலைப்பிலேயே போட்டிருக்கிறோம். யாருடைய குரலை யாரிடம் கொடுக்கிறோம்? நான் எழுதிக் கொடுத்த பத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் யோகாசனக் குறிப்பு போட்டார்கள். மூச்சை உள்ளே இழுத்து அடக்கவும் என்று இருந்தது.

சிநேகிதி தேறி வீடு வந்ததும் நஞ்சன்கூட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. எப்போது வருகிறாய், பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"இல்லீங்க்கா. டாக்டரம்மா தண்ணி குடிக்கச் சொல்லியிருக்குதுங்க. குடிக்கோணும்னா ஊட்டுலதான் இருக்கோணும். நான் இருந்துக்கறேனுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அமைச்சர்களை அப்படித் திட்டுகிறவள் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே போனை எடுத்தேன். சங்கத்துக்கு வாட்ஸப் குழு உண்டு. ரோஜாப்பூவும் காலை வணக்கமும் சர்க்கரை நோய்க்கு வெந்தயமும் ஓயாமல் வரும் குழு. அதில் என் இரண்டாம் பக்கத்தை நானே எழுதினேன். பூங்காக் கழிப்பறை திறக்கப்படவில்லை, நாம் நன்றி சொன்னது பூட்டிய கதவுக்கு, பேப்பர் படிக்கும் நம் உறுப்பினர் தண்ணீர் குடிக்காமலேயே வந்துவந்து ஆஸ்பத்திரியில் படுத்தார், இனி அவர் வரமாட்டார். அவ்வளவே எழுதினேன்.

முதலில், கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பெண்மணி, நானும் குடிப்பதில்லை என்று எழுதினார். அதன்கீழே இன்னொருவர், நானும். கன்னடத்தில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர். ஒருவர் பேத்தியின் டயப்பரை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வருவதாக எழுதியிருந்தார். இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தாகத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம்.

இரவு தலைவர் கூப்பிட்டார். இதெல்லாம் ஆண்கள் இருக்கும் குழு, பெண்கள் இப்படிப் பொதுவில் எழுதுவது அசிங்கம், முதலில் போட்டதை நீங்கள் அழித்தால் மற்றவர்களும் அழித்துவிடுவார்கள் என்றார்.

"கடைசி வரைக்கும் படிச்சீங்களா சார்?" என்றேன்.

மேலே கொஞ்சம் பார்த்தேன் என்றார்.

"கீழ போய்ப் பாருங்க. உங்க மிஸஸ் எழுதியிருக்காங்க."

இருங்கள் என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். நானும் என் போனில் அதைத் திரும்பப் பார்த்தேன். கூட்டம் இருக்கும் நாளில் காலைக் காப்பிகூட நான் குடிப்பதில்லை, இவருக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார்.