சிவப்பு அம்பு

பத்து நாளாக ஒரு விண்ணப்பப் படிவம் எங்கள் சமையலறையில், கோதுமை மாவு டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு முதல் வருடம் இடமும் வழிகாட்டலும் தருகிறார்களாம். குழந்தைகளுக்கான உள்ளாடை தைத்து விற்கலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. பாதி நிரப்பிவிட்டேன். மீதியை நிரப்ப விடாமல் என் கணவர் சொன்ன யோசனை குறுக்கே நிற்கிறது. "எம்பேர்ல போட்ருவோமே, சீக்கிரம் கெடைக்கும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சிக்கலே அதுதான். கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து தினமும் டப்பாவைத் தூக்குகிறேன், பார்க்கிறேன், மறுபடி வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் சித்தியின் முகமும் ஒரு சிவப்பு அம்புக்குறியும் ஞாபகத்துக்கு வருகின்றன.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் பனியன் ஊரின் ராயபுரம் பகுதியில் குடியிருந்தோம். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் உருப்படியை மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும்.

ஓரம் கிழிந்த ஸ்டிக்கர் தாள்களை அம்மா எனக்குக் கொண்டுவந்து தருவாள். மற்ற பிள்ளைகள் சுவரில் கிறுக்கினார்கள். நான் வீட்டைச் செக்கிங் செய்தேன். விளிம்பு உடைந்த டம்ளர், விரிசல் விட்ட கண்ணாடி, மாமாவின் வண்டியில் இருந்த கீறல், அப்பாவின் வழுக்கை விழுந்த உச்சந்தலை என்று எதையும் விடவில்லை. அம்மா சிரிப்பாள், ஆனாலும் இரண்டு சட்டம் வைத்திருந்தாள். குறை இருப்பது உறுதியாகத் தெரியாமல் ஒட்டக் கூடாது. ஒட்டிய பிறகு, குறையைச் சரிசெய்தவர்தான் அதைப் பிய்க்க வேண்டும். உச்சந்தலையில் ஒட்டியதை எதையும் சரிசெய்யாமலே அப்பா பிய்த்துப் போட்டதில் எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்தது.

அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி, கல்லூரியில் பி.பி.ஏ. கடைசி வருடம் படித்தாள். கடைசி வருடம் ஒரு தொழில் திட்டம் எழுதித் தர வேண்டும் என்றார்களாம். அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் பழைய திட்டங்களைப் பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். சித்தி என் பின்கழுத்தைப் பார்த்து எழுதினாள். ஊருக்கெல்லாம் பனியன் தைக்கிற ஊரில் பிறந்தும், என் கழுத்து மட்டும் லேபிள் குத்திக் குத்தி எப்போதும் சிவந்தே இருக்கும். லேபிளே இல்லாத, சைஸைத் துணியிலேயே அச்சடித்த குழந்தைப் பனியன்தான் அவளுடைய திட்டம். எழுதியதோடு நிற்காமல், மாமாவின் தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்து என் அளவுக்கு ஒன்று தைத்தும்விட்டாள்.

மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். ஆறு மெஷின் போட்டுப் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோபமே வராதவர். தங்கைகள் கேட்டு அவர் மறுத்ததாக எங்கள் வீட்டில் ஒரு கதை கூடக் கிடையாது.

அந்த வருடம் ஊரில் சில முதலாளிகள் சேர்ந்து, படித்து முடிக்கும் பிள்ளைகளுக்குத் தொழில் தொடங்க உதவி செய்வதாக அறிவித்திருந்தார்கள். இன்றைக்குப் போல 'ஸ்டார்ட்அப்' என்ற சொல் எங்கள் தெருவரைக்கும் வந்து சேராத காலம். தேர்வு ஆகிறவர்களுக்கு நான்கு மெஷினோடு ஒரு கொட்டகை, ஒரு வருடத்துக்கு வாடகை கிடையாது. காதர்பேட்டையில் மொத்தமாக வாங்குகிற வியாபாரிகளிடம் அவர்களே அழைத்துப் போய் அறிமுகமும் செய்துவைப்பார்கள். சித்திக்கு இரண்டாவது விஷயம்தான் பெரிதாக இருந்தது. "நானாப் போய் நின்னா 'அப்பாவக் கூட்டிட்டு வா சாமி'ம்பாங்கக்கா. இவங்க கூட்டிட்டுப் போனா உக்காரச் சொல்லுவாங்க" என்று அம்மாவிடம் அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை நேர்முகத் தேர்வு. பனியனைப் போட்டுக் காட்ட ஓர் உடம்பு வேண்டுமே, அது நான். மாமாவின் வண்டியில் பெட்ரோல் டாங்க் மேல் நான், நடுவில் மாமா, பின்னால் மடியில் கோப்போடு சித்தி. பாதி வழியில் பனியன் என் இடது தோளில் சுருக்கென்று குத்தியது.

"மாமா, குத்துது."

மாமா வண்டியை ஓரங்கட்டினார். எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கித் தந்துவிட்டு, சித்தி காதில் விழாதபடி குனிந்து சொன்னார்: "கண்ணு, உள்ள போயி குத்துதுன்னு மட்டும் வாயத் தொறந்தராத. சித்திக்குக் கெடைக்கிறது போயிரும். ஆச்சா?"

ஆச்சு என்று தலையாட்டினேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று எனக்கு அப்போதே பெயர். இப்போதும் அந்தப் பெயர் போகவில்லை.

பெரிய அறை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வெள்ளை வேட்டி சட்டையில் பெரியவர் ஒருவர். மற்ற இருவரும் பேசுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மாமா பின்வரிசை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். சித்தி பேசினாள். துணி எங்கே வாங்குவாள், யாரிடம் விற்பாள், மற்ற பனியனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நிறுத்தாமல் பேசினாள். தண்ணீர் குடிக்காமலே தொடர்ந்தாள்.

பெரியவர் என்னை அருகில் கூப்பிட்டார். "பாப்பா, சித்தி பேசுனது போதும். நீ சொல்லு. பனியன் எப்பிடி இருக்குது?"

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயை இறுக்கி மூடிக் காட்டினார். நானும் இறுக்கி மூடிக்கொண்டேன். ஆனால் தோள் குத்திக்கொண்டேயிருந்தது. வாயைத் திறக்கக் கூடாதென்றுதான் மாமா சொன்னார், வேறெதையும் தடுக்கவில்லை. பாவாடைப் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒரு அம்பைப் பிய்த்து, குத்துகிற இடத்தைக் காட்டி என் தோளில் ஒட்டினேன்.

பின்னால் மாமாவின் நாற்காலி கிரீச்சிட்டது.

"என்ன பாப்பா இது?"

இனி வாயைத் திறக்காமல் முடியாது. "டேமேஜுங்க" என்றேன்.

மற்ற இருவரில் கல்லூரி வாத்தியார் போலிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். "அடுத்த தடவ கொழந்தைக்கு நல்லாச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வாம்மா."

சித்தி என்னருகே மண்டியிட்டாள். திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பனியனுக்குள் விரலை விட்டுத் தடவினாள். தோள் நீண்டு போகாமலிருக்கத் தையலுக்குள் ஒரு நைலான் நாடா வைப்பார்கள். அதன் வெட்டிய முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கொழந்த சரியாத்தாங்க சொல்லுது" என்றாள் எழுந்து. "நாடா முனைய மடக்காம உட்டுட்டனுங்க. தப்பு என்னோடதுதானுங்க." கைப்பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். அங்கேயே நாடா முனையை வெட்டி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "இப்ப?" என்று என்னைக் கேட்டாள். குத்தவில்லை. அப்புறம்தான் ஸ்டிக்கரைப் பிய்த்தாள். சட்டப்படி.

பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏம்மிணி, முப்பது வருசமா கம்பெனி நடத்தறேன். டேமேஜ ஒத்துக்கிட்ட ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்!"

சித்தி தேர்வாகிவிட்டாள். மாமா வெளியே வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். "பன்னு குடுத்து வாய அடச்சா, கையால பேசுது பாரு களுத!" என்று கன்னத்தைக் கிள்ளினார். சித்தி சுவரில் சாய்ந்து, கோப்பை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த மகிழ்ச்சி அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை.

கையெழுத்துப் போட உள்ளே கூப்பிட்டார்கள். பெரியவர் டைப் செய்த கடிதம் ஒன்றைச் சித்தியிடம் நகர்த்தினார். அவள் ஒரு முறை படித்தாள். மறுபடி படித்தாள்.

"இதுல எம்பேரு எங்கீங்க?"

"இருக்குதே. அங்க பாரு, அண்ணன் பேருக்குக் கீழ."

கொட்டகையும் மெஷின்களும் மாமாவின் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தன. சித்தி, 'இன்னாரின் தங்கை' என்று அதற்குக் கீழே இருந்தாள்.

"பொட்டப்புள்ள. நாளைக்குக் கண்ணாலமாகிப் பல்லடமோ பவானியோ போயிருவே. மெஷினு இங்க நின்னுக்கும். அண்ணன் பேர்ல இருந்தா உனக்கும் பத்திரம், எங்களுக்கும் நிம்மதி. வேல பூராவும் நீதான பண்ணப்போற, அம்மிணி." அவர் குரலில் கடுமை துளியும் இல்லை. வீட்டுப் பெண்ணுக்குப் புத்தி சொல்கிற குரல்தான்.

மாமா அவசரமாகச் சொன்னார்: "பேர்ல என்ன கண்ணு இருக்குது? நா ஒரு நாளாவது வந்து குறுக்க நிப்பனா? போடு சாமி கையெழுத்த."

நிற்கமாட்டார்தான். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சித்திக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பேனாவைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

"கண்ணு, ஒரு ஸ்டிக்கர் குடு."

கொடுத்தேன். தாளில் கடைசியாக இரண்டுதான் மிச்சம். அதில் ஒன்று. சித்தி அதை மாமாவின் பெயர் இருந்த வரிக்கு நேராக, அம்பின் கூர்முனை எழுத்தைத் தொடும்படி ஒட்டி, கடிதத்தைப் பெரியவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"என்னோட தப்ப நான் இங்கயே சரிபண்ணிட்டனுங்க. இத நீங்க சரிபண்ணிட்டு எடுத்துக்கங்க. எங்க ஊட்ல அப்பிடித்தானுங்க வழக்கம்."

"அம்மிணி, ரோசப்பட்டுத் தொழில் பண்ண முடியாது."

"ரோசம் இல்லாமப் பண்ணிப் பாத்தவங்க எத்தனையோ பேர் இருக்காங்களுங்க. நான் ரோசத்தோடயே பண்ணிப் பாக்கறனுங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெளியே நல்ல வெயில். மாமா வண்டியை உருட்டிக்கொண்டே கூட வந்தார். "ஏறு சாமி. கொழந்த கால் சுடும்ல? கோவம் எம்மேலன்னா என்னையத் திட்டு." சித்தி ஏறவில்லை. "உங்க மேல ஒண்ணும் இல்லீங்கண்ணா" என்றாள். அவள் சொன்னது நிஜம்தான் என்று இன்று நினைக்கிறேன். பேருந்து நிறுத்தம் வரைக்கும் மாமா நடை வேகத்திலேயே வண்டியை ஓட்டி வந்தார்.

அவளைக் கூப்பிட்டு யாரும் கடிதத்தைத் திருத்தித் தரவில்லை. காதர்பேட்டைக்கு அவள் தானாகவேதான் போனாள், நின்றுகொண்டே பேசினாள், பல கடைகளில் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள், ஒரு கடையில் மட்டும் கடைக்கார பாய் ஒருவர் ஸ்டூலைத் தள்ளிப்போட்டு, "உக்காரும்மா, சரக்கக் காட்டு" என்றாராம். அதற்கு அவளுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. நான்கு மெஷின் இருந்திருந்தால் இரண்டு மாதத்தில் நடந்திருக்கும் என்று மாமா இன்றைக்கும் சொல்வார். எனக்கும் சில நாள் உறுத்தும். தாளில் ஸ்டிக்கர் தீர்ந்துபோயிருந்தால் சித்தி கையெழுத்தைப் போட்டிருப்பாளோ? நான் கொடுத்தது உதவியா, கெடுதலா? இந்த வயதிலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஆனால், மாவு டப்பாவின் அடியில் இருக்கும் படிவத்தில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பெயரை மட்டும் என் கை எழுதாது. அது தெரிகிறது.

ஏழு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எனக்கு இருந்தது வேறு கவலை. ஸ்டிக்கர் கொடுக்கும்போது அந்தக் கடிதத்தை நான் உற்றுப் பார்த்திருந்தேன். வெள்ளைத் தாள். ஓட்டை இல்லை, கறை இல்லை. எழுத்தெல்லாம் நல்ல தையல் போல நேராக ஓடியது. மாமாவின் பெயர்கூட இனிஷியலோடு அழகாக இருந்தது.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்ததும் ஓடிப்போய்ப் புகார் சொன்னேன்: "அம்மா, சித்திக்குச் செக்கிங்கே தெரியல. நல்ல பீஸ்ல போயி ஸ்டிக்கர் ஒட்டிட்டா."

நடந்ததைச் சித்தி சுருக்கமாகச் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையைத் திறந்து, ஓரம்கூடக் கிழியாத ஒரு புதுத்தாள் நிறையச் சிவப்பு அம்புகளை எடுத்தாள். கையை நீட்டிக்கொண்டு நின்ற என்னைத் தாண்டிப்போய், அதைச் சித்தியிடம் கொடுத்தாள்.

நான் அழுதேன். சரியாக ஒட்டியவள் நான். தப்பாக ஒட்டியவளுக்குப் புதுத்தாளா?