மூன்றாவது கம்ப்யூட்டர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். கதை கட்டுவதாக இருந்தால் இதைவிட நல்ல முடிவாக யோசித்திருப்பேன். இது என் அண்ணிக்கு நடந்தது. பேய் என்று யாராவது பேச்செடுத்தால், "இருந்தா வந்து பாத்திரம் தேய்க்கச் சொல்லு" என்று சிரிப்பவர் அவர்.

அண்ணி மாணவர்களின் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பவர். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். பிரிண்டர் ஒயர் மூலம் அதோடுதான் இணைந்திருந்தது. தன் லேப்டாப்பிலிருந்தும் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று அண்ணன் பல நாளாக நச்சரித்தார். அன்று மத்தியானம் அண்ணி பிரிண்டர் அமைப்புகளைத் திறந்து, 'நெட்வொர்க்கில் பகிர்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். அவ்வளவுதான் வேலை. லேப்டாப்பிலிருந்து அனுப்பிய சோதனைப் பக்கம் பளிச்சென்று வந்தது. மணி 2:40. அண்ணன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

வெளியே மழை. அண்ணிக்குப் பின்னால், தொட்டிலில், கைக்குழந்தை தூங்கியது.

3:05. பிரிண்டர் தானாக விழித்தது.

க்ர்ர்... க்ர்ர்...

அண்ணி எதையும் அனுப்பவில்லை. வந்த தாளில் ஒன்றுமில்லை, வெறும் சாம்பல் நிறம். யார் அனுப்பியது என்று பட்டியலில் பார்த்தார். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வீட்டில் இருந்ததே இரண்டு கம்ப்யூட்டர்கள்தான், இது மூன்றாவது. பக்கத்து வீட்டில் யாரோ நம் வைஃபையில் ஒட்டிக்கொண்டார்கள் என்று முணுமுணுத்தபடி வைஃபை பெட்டியை அணைத்தார்.

3:08. மறுபடியும்.

க்ர்ர்...

இந்த முறை புகைப்படம். கோடு கோடாக இறங்கியது. முதலில் ஜன்னல். கண்ணாடியில் மழை. பிறகு ஒரு தலை, அதில் சுற்றிய ஈரத்துண்டு.

அண்ணியின் கை தன் தலைக்குப் போனது. துண்டு இருந்தது.

பின்னாலிருந்து எடுத்த படம். உயரத்திலிருந்து.

ரத்து செய்தார். நிற்கவில்லை. தோள் வந்தது. நாற்காலி வந்தது. தொட்டிலின் விளிம்பு...

அதன் மேல் நான்கு விரல்கள்.

பிளக்கைப் பிடுங்கினார்.

ஓடிவிடலாம். ஆனால் குழந்தை பின்னால் இருக்கிறது.

திரும்பினார்.

யாரும் இல்லை.

குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. தூக்கச் சொல்லி நீட்டுமே, அப்படி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணியைப் பார்த்து அல்ல.

விட்டத்தைப் பார்த்து.

வாரியெடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். தெருமுனை மருந்துக்கடையில் நின்று அண்ணனுக்கு ஃபோன் செய்தார்.

"குழந்தை?"

"எங்கிட்டதாங்க இருக்கு. நான் இனிமே அந்த வீட்டுக்குள்ள போக மாட்டேன்."

போகவும் இல்லை. அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். அண்ணன் மட்டும், இது எவனோ செய்த குறும்பு, ஆளைப் பிடிக்கிறேன் என்று அண்ணியின் கம்ப்யூட்டரில் பிரிண்டரின் பதிவுகளைத் திறந்தார். யார் எப்போது எதை அனுப்பினாலும் லினக்ஸ் அதில் ஒரு வரி எழுதி வைக்கும்.

அன்று வந்தது முதல் முறை அல்ல. தினமும் சரியாக 3:05-க்கு யாரோ அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரே பதில்தான்: பகிர அனுமதி இல்லை. இருநூற்றுப் பதினோரு வரிகள். கடைசியாக, அண்ணி டிக் போட்ட நாள்: அனுமதிக்கப்பட்டது.

அண்ணன் மேலே மேலே நகர்த்தி முதல் வரிக்குப் போனார். தேதியைப் பார்த்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் அது.